திரி வெட்டும் பருவம்

மே 22, வியாழன்

இந்த நாட்குறிப்பில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எழுதக் கூச்சமாக இருப்பதையும் எழுதுவேன்.

ஆண்டு விழாவில் கட்டுரைப் போட்டிக்குப் பரிசாக இது கிடைத்தது. நீல அட்டை, நல்ல தாள். "நாலு நாள் எழுதுவ. அஞ்சாம் நாள் கிழிச்சுக் கப்பல் விடுவ" என்று அம்மா சொல்லிவிட்டாள். பார்க்கலாம்.

முதலில் எங்களைப் பற்றி. என் பெயர் ஜெனோவா. ஜூனில் ஒன்பதாம் வகுப்பு. அம்மா பெயர் சகாயராணி. கொடைக்கானலில் வைதேகி மேடத்தின் பங்களாவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறை வீட்டில் நாங்கள் இருக்கிறோம். மேடம் கோயம்புத்தூரில் இருக்கிறார், எப்போதாவதுதான் வருவார். பங்களாத் தோட்டத்தில், தொட்டியிலேயே குட்டையாக வளர்க்கும் அவருடைய போன்சாய் மரங்கள் இருக்கின்றன. எல்லாமே பைன். அவற்றைப் பார்த்துக்கொள்வது அம்மாவின் வேலை. வேலை இருக்கும்வரை வீடு உண்டு. அப்பா திருப்பூரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். அவரைப் பற்றி எழுத அதற்குமேல் ஒன்றுமில்லை.

மரங்களில் முக்கியமானதை நாங்கள் பெரியவர் என்று கூப்பிடுவோம். ஜப்பான் கறுப்புப் பைன். என் இடுப்பு உயரம்தான், ஆனால் அடிமரம் ஆட்டுக்கல் மாதிரி இருக்கும். மேடத்தின் மாமனார் வைத்த மரம். இரண்டு வருடத்துக்கு முன் தொட்டி மாற்றியபோது பெரியவர் மிகவும் சோர்ந்துவிட்டார். அதிலிருந்து அம்மா அவர்மேல் கத்தரியே வைக்கவில்லை. வெயிலில் வைத்தாள், பிண்ணாக்கு வைத்தாள், கிளைகளை இஷ்டத்துக்கு நீளவிட்டாள். வலு இல்லாத பைனை வெட்டினால் அது திரும்பத் துளிர்க்காது என்று நூலகப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. இந்த வருடம் எல்லா நுனியிலும் புதுத் தளிர் விரல் நீளத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது. பார்க்க மெழுகுவத்தி மாதிரி இருப்பதால் அதை நாங்கள் திரி என்போம். ஜூனில் திரியை அடியோடு வெட்டிவிட்டால் அந்த இடத்திலேயே சின்னச் சின்ன மொட்டுகள் வந்து, ஊசி இலைகள் குட்டையாக, அடர்த்தியாக முளைக்கும். ஜூலை கடைசியில் பெங்களூரிலிருந்து மேடத்தின் போன்சாய் சங்கத்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள்.

"பெரியவர் மானத்தைக் காப்பாத்திட்டார்னா நாமளும் இங்கயே இருந்துக்கலாம்" என்றாள் அம்மா.

பிறகு வெளியே பார்த்து, "என்ன இன்னைக்குப் பனி விலகவே மாட்டேங்குது" என்றாள். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. தொட்டிகளின் நிழல் தரையில் அழுத்தமாக விழுந்திருந்தது. ஏரிப் பக்கத்தைச் சொல்லியிருப்பாள்.

மே 23

நாள் முழுக்கத் துணி துவைத்தோம். எழுத ஒன்றுமில்லை.

மே 26, திங்கள்

காய்கறி வாங்க அம்மாவின் ஸ்கூட்டியில் போனோம். செண்பகனூர் வளைவுக்கு முன்னால் ஒரு பால் வண்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தது. மஞ்சள் வண்டி, பெரியது. அம்மா நேராக அதை நோக்கியே போனாள். நான் "அம்மா" என்று அவள் தோளைப் பிடித்து இழுத்த பிறகுதான் ஒடித்தாள். என் முழங்கால் வண்டியின் மட்கார்டில் உரசிவிட்டது.

பால்காரர் கீழே இறங்கி, "ஏம்மா, வண்டி வாங்கிறதா இருந்தா சொல்லும்மா, ஏன் உள்ள பூந்து பாக்குற" என்றார்.

"ரோட்டுல கடை போட்டா அப்படித்தான்" என்றாள் அம்மா. இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பின்னால் உட்கார்ந்து வழி முழுவதும் "லாரி வருதும்மா", "இடது பக்கம் மாடு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பேச்சை நிறுத்தச் சொல்லி அம்மா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

மே 29

அம்மா இன்று காலை தேநீரை டம்ளருக்கு வெளியே ஊற்றினாள். டம்ளர் வழுக்கிவிட்டதாகச் சொன்னாள். டம்ளர் வைத்த இடத்திலேயேதான் இருந்தது.

ஜூன் 1, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் முதல் வெட்டு. எல்லாத் திரியையும் ஒரே நாளில் வெட்டக் கூடாது. முதலில் மெலிந்த திரிகளை வெட்ட வேண்டும், வலுத்தவற்றைப் பத்து நாள் கழித்து வெட்ட வேண்டும். மெலிந்ததற்கு முந்திக்கொள்ள நேரம் கொடுத்தால்தான் மரம் முழுக்க ஒரே சீராகத் துளிர்க்கும். ரொம்பவும் மெலிந்ததைத் தொடவே கூடாது.

அம்மா என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டாள்.

"இது எப்படி இருக்கு, சொல்லு பாப்போம்."

"மெலிசும்மா."

"இது?"

"தடிப்பு. இது அடுத்த வெட்டுக்கு."

"கரெக்ட். புத்தகம் படிச்சதுக்குப் பரவால்ல."

எனக்குப் பரீட்சை வைக்கிறாள் என்று பெருமையாக இருந்தது. மரம் முழுக்க இப்படியே கேட்டாள். ஒவ்வொன்றையும் விரலால் தடவி, உதட்டில் வைத்துப் பார்த்து, பிறகு என்னைக் கேட்டு, பிறகு வெட்டினாள். போன வருடம் சின்ன மரங்களை வெட்டியபோது அம்மா தடவிப் பார்த்த நினைவே எனக்கு இல்லை. தூரத்தில் நின்று பார்த்துவிட்டு மளமளவென்று வெட்டுவாள்.

ஜூன் 3, செவ்வாய்

சாயங்காலம் அம்மாவுக்குப் பயங்கரமான தலைவலி. வலது பக்கம் மட்டும். இரண்டு முறை வாந்தி எடுத்தாள். கண் ரத்தம் மாதிரி சிவந்திருந்தது. மின்சாரம் வேறு இல்லை, இருட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விளக்கு வந்ததும் பல்பைப் பார்த்து, "அதச் சுத்தி வானவில் மாதிரி வளையம் தெரியுது பாரு" என்றாள்.

எனக்கு எந்த வளையமும் தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அம்மாவுக்கு மட்டும் ஒன்று தெரிவது எனக்குப் பயமாக இருந்தது. அதனால் இருக்கலாம்.

ததேயு மாமாவைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். மாமா அம்மாவின் தம்பி, சுற்றுலா ஜீப் ஓட்டுகிறார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அவன்கிட்ட சொன்னா ஊர் பூரா மைக் செட் வெச்சுருவான். மேடம் காதுக்குப் போயிரும். வெறும் பித்தம், காலையில சரியாப் போயிரும். சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

ஜூன் 4

காலையில் சரியாகத்தான் போயிருந்தது. அம்மா பாட்டுக் கேட்டுக்கொண்டே தோசை சுட்டாள். நான் வீணாகப் பயந்துவிட்டேன் என்று எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 8

தோட்டத்துப் படியில் அம்மா கால் தவறினாள். பத்து வருடமாக ஏறி இறங்குகிற படி. "படி நகந்திருச்சு" என்றாள்.

ஜூன் 11, புதன்

இதை முழுவதும் எழுத வேண்டும். எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

இன்று இரண்டாம் வெட்டு. தடித்த திரிகள். காலையிலிருந்து நான் பக்கத்தில் நின்று "இதும்மா", "இன்னும் கீழ", "அங்க நிறுத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திரி முளைத்த இடத்தில் வெட்ட வேண்டும். அதற்குக் கீழே போன வருடத்து ஊசிகள் இருக்கும், அவை மரத்திலேயே நிற்க வேண்டும். ஊசி இருக்கும் இடத்தில்தான் மொட்டு வரும். ஊசி இல்லாத மொட்டைக் கட்டையில் பைன் துளிர்க்கவே துளிர்க்காது. வேறு மரங்களை எங்கே வெட்டினாலும் எங்கிருந்தாவது முளைத்துவிடும், பைன் அப்படியில்லை.

கீழே வலது பக்கம் ஒரு நீளமான கிளை இருக்கிறது. பெரியவர் கையை நீட்டி வாங்க என்று கூப்பிடுவது மாதிரி இருக்கும். முதலில் எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். அந்தக் கிளைக்கு வந்தபோது சிலிண்டர்காரர் கேட்டில் மணியடித்தார். நான் ஓடினேன். சில்லறை இல்லை, உள்ளே போய்த் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அம்மா எனக்காகக் காத்திருக்கவில்லை.

அந்தக் கிளையின் நுனிகள் எல்லாவற்றையும் வெட்டி முடித்திருந்தாள். திரியோடு போன வருடத்து ஊசியும் சேர்ந்து தரையில் கிடந்தது. கிளையில் வெறும் குச்சிகள் நின்றன. ஒரு ஊசிகூட இல்லை.

"முடிஞ்சுது. எப்படி இருக்கு?" என்றாள் அம்மா. கத்தரியைத் துணியால் துடைத்துக்கொண்டே அந்தக் கிளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சந்தோஷம்.

நான் "நல்லா இருக்கும்மா" என்றேன்.

அம்மா கை கழுவப் போனதும் விழுந்த துண்டுகளைப் பொறுக்கிப் பாவாடையில் மறைத்துக்கொண்டேன்.

ஜூன் 12

அம்மா கடைக்குப் போயிருந்தபோது செய்தேன். விழுந்த ஒவ்வொரு துண்டிலும் திரியை மட்டும் நறுக்கிவிட்டேன், அம்மா வெட்டியிருக்க வேண்டிய இடத்தில். மிச்சத் துண்டை, ஊசிகளோடு, மொட்டைக் குச்சியில் வைத்து மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றினேன். கிளைகளை வளைக்க அம்மா வைத்திருக்கும் கம்பிதான். மரம் முழுக்க ஏற்கெனவே அங்கங்கே கம்பி இருப்பதால் தெரியாது. தூரத்தில் நின்று பார்த்தேன். பழைய பெரியவர்தான்.

வெட்டு முடிந்த மரத்தை மொட்டு வரும்வரை கையால் தொடக் கூடாது என்பது அம்மாவே போட்ட சட்டம். தண்ணீர் மட்டும்தான். அதனால் அவள் தடவிப் பார்க்க மாட்டாள்.

இதை ஏன் செய்தேன் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியும். இன்று எழுத முடியாது.

ஜூன் 16, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. புது வகுப்பு, புது பெஞ்ச். பக்கத்தில் யூனிஸ். "என்னடி, லீவுல பேயைப் பாத்தியா" என்றாள். கணக்கு மிஸ் எல்லாரையும் அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னபோது என் பெயரைச் சொல்ல மறந்துவிட்டேன். இடைவேளை முழுவதும், அம்மா இப்போது ஸ்கூட்டியை எடுத்திருப்பாளா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 19, வியாழன்

நூலகத்தில் ஒரு வீட்டு மருத்துவப் புத்தகம் இருக்கிறது. கண் என்ற பகுதியைத் தேடிப் படித்தேன். விளக்கைச் சுற்றி வண்ண வளையம், பனி மூடியது போன்ற பார்வை, ஒருபக்கத் தலைவலி, வாந்தி, சிவந்த கண். எல்லாம் ஒரே பத்தியில் இருந்தன. யாரோ எங்கள் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதியது மாதிரி. கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிடுவதால் இப்படி ஆகுமாம். உடனே மருத்துவரிடம் போகாவிட்டால் பார்வை போய்விடும், போனது திரும்பாது என்று போட்டிருந்தது. உடனே என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

புத்தகத்தைத் திரும்ப வைக்கும்போது தலைகீழாக வைத்துவிட்டேன். நூலகர் மிஸ் கவனித்துவிட்டு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை மிஸ் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"எனக்குத் தெரியாதா என் கண்ணு? மூணு மாசமா தெரியும்."

"அப்ப ஏம்மா போகல?"

"போனா என்ன சொல்லுவான்? ஆபரேசன்பான், ஓய்வும்பான். கண்ணு தெரியாதவளுக்கு எவ மரம் குடுப்பா? ஜூலை முடியட்டும். அவங்க வந்து பாத்துட்டு, மேடம் சந்தோசமா இருக்கட்டும். அப்புறம் நீ எங்க கூப்பிட்டாலும் வர்றேன்."

"ஜூலைக்குள்ள போயிருச்சுன்னா?"

"இடது கண்ணு இருக்குல்ல. அதுல நல்லாத் தெரியுது." உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டு, "சத்தியம் பண்ணியிருக்க, ஞாபகம் இருக்கட்டும்" என்றாள்.

இடது கண்ணில் நல்லாத் தெரிந்தால் மொட்டைக் கட்டையில் ஏன் வெட்டினாள் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் கம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

ஜூன் 20

பள்ளிக்கு நடந்தே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். உடம்புக்கு நல்லது என்று மிஸ் சொன்னதாகச் சொன்னேன். நான் பின்னால் இல்லாவிட்டால் அம்மா ஸ்கூட்டியை எடுக்க மாட்டாள் என்பது என் கணக்கு. கணக்கு சரியாக வந்தது. இன்று கடைக்கு அம்மாவும் நடந்துதான் போனாள்.

ஜூன் 23, திங்கள்

மறுபடி தலைவலி. மறுபடி வாந்தி. அம்மா பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டிருந்தாள், எனக்குக் கேட்கக் கூடாது என்று. கேட்டது.

ஜூன் 25, புதன்

மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். மற்ற நுனிகளில் எல்லாம் ஊசிகளுக்கு நடுவே கடுகளவு மொட்டு வந்துவிட்டது. நான் கட்டிய துண்டுகளில் எதுவும் வரவில்லை. ஆனால் ஊசிகள் இன்னும் பச்சையாகவே இருக்கின்றன. வெட்டி இரண்டு வாரம் ஆகிவிட்டது. தண்ணீர் போகவில்லை, உயிர் இல்லை, பச்சை மட்டும் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் தொட்டி மாற்றிய சமயத்தில் ஒரு சின்ன மரம் செத்துப்போனது. அன்று அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. "மத்த மரம் வாடுனா ரெண்டாம் நாளே தொங்கிப்போயிரும். பைனு அப்படி இல்ல. செத்து ஒரு மாசம் கழிச்சுத்தான் சொல்லும். நாம பச்சையா இருக்குன்னு தண்ணி ஊத்திக்கிட்டே இருப்போம்."

நெடுநேரம் அந்தக் கிளைக்கு முன்னால் நின்றேன். நேற்று அம்மா நன்றாகத்தான் இருந்தாள். முந்தாநாள் நன்றாக இல்லை. இன்று பாடிக்கொண்டிருக்கிறாள். மாமாவுக்குப் போன் செய்யலாம் என்று அம்மாவின் போனை எடுத்தேன். எண்ணைத் தேடி எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். சத்தியத்தை மீறினால் என்ன ஆகும் என்று பயம். மீறாவிட்டால் என்ன ஆகும் என்றும் பயம்.

ஜூன் 28, சனி

வைதேகி மேடம் சொல்லாமல் வந்துவிட்டார். கார் சத்தம் கேட்டதும் அம்மா தலையைக்கூடச் சீவாமல் ஓடினாள். நானும் ஓடினேன்.

மேடம் நேராகப் பெரியவரிடம் போனார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாகச் சுற்றி வந்தார். அவர் குட்டையானவர், குரலும் மெல்லியது, ஆனால் அவர் பேசும்போது அம்மா மூச்சு விடுவதே தெரியாது.

"நல்லா வந்திருக்கு, ராணி. ரெண்டு வருஷம் காத்திருந்தது வீண்போகல. மேல பாரு, எத்தனை மொட்டு."

"உங்க ஆசீர்வாதம் மேடம்."

பிறகு அந்தக் கிளைக்கு வந்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இங்க மட்டும் ஏன் மொட்டே வரல?"

"கீழ்க்கிளை மேடம். கொஞ்சம் லேட்டா வரும்."

மேடம் விரலால் ஒரு நுனியைத் தொட்டார். லேசாகத்தான் தொட்டார். அது கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. கம்பி ஒரு சுற்று அவிழ்ந்து தொங்கியது.

மேடம் அடுத்ததைத் தொட்டார். அதுவும் வந்தது.

"என்ன ராணி இது? செத்த குச்சியக் கட்டி வெச்சு எனக்குக் காட்டுறியா?"

அம்மா முன்னால் வந்து கிளையைத் தடவினாள். மொட்டைக் குச்சியை, பிறகு கம்பியை. அவள் விரல்கள் அங்கேயே நின்றுவிட்டன. "இத நான் செய்யல மேடம்" என்றாள். குரல் கீழே போய்விட்டது.

"பின்ன? மரமே கட்டிக்கிச்சா? பத்து வருஷமா உன்னை நம்பிச் சாவி குடுத்திருக்கேன். வெட்டுனது தப்பாப் போச்சுன்னா போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். ஏமாத்தணும்னு எப்படி மனசு வந்துச்சு?"

அம்மா கம்பியிலிருந்து கையை எடுத்தாள். என் பக்கம் திரும்பவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்துவிட்டது. அவள் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். ஏமாற்றுக்காரி என்ற பெயரோடு போவாள், என்னைச் சொல்ல மாட்டாள்.

நான் சொன்னேன்.

"நான்தான் கட்டினேன் மேடம். அம்மாவுக்குத் தெரியாது. அம்மா தப்பா வெட்டுனதும் அம்மாவுக்குத் தெரியாது. ஏன்னா அம்மாவுக்குக் கண்ணு தெரியல."

"ஜெனோ, வாய மூடு."

"வலது கண்ணுல பனி மாதிரி இருக்கு. விளக்கச் சுத்தி வளையம் தெரியுது. வாந்தி எடுக்கிறாங்க. புத்தகத்துல உடனே போகணும்னு போட்டிருக்கு. ஜூலை முடியட்டும்னு சொல்றாங்க. மேடம், ஜூலைக்குள்ள போயிரும்."

அம்மா என் கன்னத்தில் அறையக் கையை ஓங்கினாள். கை எனக்குப் பக்கத்தில் காற்றில் போனது. அவள் குறி தவறியதை மேடம் பார்த்தார். நானும் பார்த்தேன். அதைவிட மோசமான ஒன்றை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

மேடம் கையிலிருந்த குச்சியைத் தொட்டியின் ஓரத்தில் வைத்தார். "முதல்ல கண்ணப் பாரு. மத்தத அப்புறம் பேசலாம்" என்றார். கோபமா இல்லையா என்று தெரியவில்லை. அந்த "மத்தது" என்ன என்று கேட்க எங்கள் இருவருக்குமே தைரியம் இல்லை.

மாமாவுக்கு நானே போன் செய்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

மதுரை. கண் மருத்துவமனையின் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று மாலையே கிளம்ப வேண்டும் என்றார் மாமா. அம்மா வர மறுத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டாள். விடிந்ததும் மறுபடி தலைவலி வந்துவிட்டது, இந்தமுறை வலியில் அவளால் மறுக்க முடியவில்லை. மாமா அவளைக் கைத்தாங்கலாக ஜீப்பில் ஏற்றினார். "மூணு மாசமாவாக்கா? என் ஜீப்பு சத்தத்த வெச்சே எந்த வீல்ல கோளாறுன்னு சொல்லுவ. ஒன் கண்ண எனக்குச் சொல்ல மாட்டியா?" என்றார்.

மலை இறங்கும்போது வளைவுக்கு வளைவு மாமா வேகத்தைக் குறைத்தார். அம்மா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளைவு முடிந்ததும் விட்டாள். வத்தலக்குண்டு வருவதற்கு முன் ஒரே ஒரு முறை பேசினாள். "ஒரு நிமிசத்துல நடுத்தெருவுல நிறுத்திட்டியே" என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம்:

மருத்துவர் ஒரு பெண். வயது குறைவு. கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியே போகும் வழி அடைத்துவிட்டது, அழுத்தம் ஏறி உள்ளே நரம்பை நசுக்கியிருக்கிறது என்றார். இரண்டு கண்ணுக்கும் அதே அமைப்பாம். வலது கண்ணில் ஏறிவிட்டது, இடது கண்ணில் இனிமேல்தான் ஏறும். சொட்டு மருந்தும் மாத்திரையும் கொடுத்து அழுத்தத்தை இறக்கியிருக்கிறார்கள். நாளை லேசரால் இரண்டு கண்ணிலும் சின்னத் துளை போடுவார்கள்.

"வலது கண்ணு திரும்ப வருமா டாக்டர்?" என்று மாமா கேட்டார்.

"செத்த நரம்பு வராதுங்க. மிச்சம் என்ன இருக்குன்னு வீக்கம் வத்தின பிறகுதான் தெரியும். இடது கண்ணக் காப்பாத்திடலாம். இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தீங்கன்னா இதையும் என்னால சொல்லியிருக்க முடியாது."

அம்மா அப்போது என்னைப் பார்க்கவில்லை. சேலை முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தாள்.

ஜூன் 30

லேசர் முடிந்தது. வெளியே நின்றேன். உள்ளே டிக், டிக் என்று சத்தம் கேட்டது. மாமா எனக்குப் போண்டா வாங்கிக் கொடுத்தார், பாதி சாப்பிட்டேன்.

ஜூலை 2

வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறாள். என்னிடம் "சாப்பிடு", "படி", "மருந்த எடு" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. மேடத்திடமிருந்து போன் வரவில்லை. ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். இதுவரை அடித்தது எல்லாம் மாமாதான்.

ஜூலை 4

அந்தக் கிளையின் ஊசிகள் பழுப்பாகிவிட்டன.

ஜூலை 6, ஞாயிறு

மதியம் சாப்பிட்டதும் அம்மா என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். படியில் உட்கார்ந்து, இடது உள்ளங்கையால் இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"நடந்து போ. எங்க நிக்கிறன்னு நான் சொல்றேன்."

நான் நடந்தேன். தோட்டத்தில் சரளைக்கல் போட்டிருக்கிறது.

"தண்ணித் தொட்டிகிட்ட" என்றாள். சரி.

"இப்ப பெரியவருக்கு இந்தப் பக்கம்." சரி.

"கேட்டுக்குப் போற வழியில." அதுவும் சரி. அம்மா முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. மதுரையிலிருந்து வந்த பிறகு அவள் சிரிப்பது இதுதான் முதல் முறை.

எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் செருப்பு சரளையில் சரக் சரக் என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அப்படியே விட்டிருக்கலாம். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரத்துப் புல்லில் கால் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, அம்மாவுக்கு நேர் எதிரே வந்து நின்றேன். கையை நீட்டினால் அவள் முழங்காலைத் தொடலாம். வெயில் என் முகத்தில் விழுந்தது. அம்மாவின் வலது கண் திறந்திருந்தது. அது என்னைத் தாண்டிக் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னும் கேட்டுகிட்டதான் நிக்கிற" என்றாள் அம்மா. "ஏண்டி நகர மாட்டேங்கிற?"

நான் பதில் சொல்லவில்லை. அம்மா காத்திருந்தாள். பிறகு அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. இடது கையைக் கண்ணிலிருந்து எடுத்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தாள். என் வெறும் காலைப் பார்த்தாள். இடது கண்ணால் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

திட்டுவாள் என்று நினைத்தேன். இந்தமுறை அவள் கை தவறாது என்றும் நினைத்தேன், நகராமல் நின்றேன்.

"தெரியல ஜெனோ" என்றாள்.

இத்தனை நாளில் அவள் பனி என்று சொன்னாள், பித்தம் என்று சொன்னாள், படி நகர்ந்தது என்று சொன்னாள். தெரியவில்லை என்று சொன்னதே இல்லை. சொல்லிவிட்டு என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். எனக்குப் பதினாலு வயது, மடியில் இடம் போதவில்லை. கறுப்புக் கண்ணாடி என் விலாவில் குத்தியது.

பிறகு போனை எடுத்து மேடத்துக்கு அவளே பேசினாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"மேடம், ராணி பேசுறேன். வலது கண்ணுல தெரியாது. இனிமேயும் தெரியாது. இடதுல தெரியும், எழுத்துக்கூடத் தெரியுது. பெரியவருக்குக் கீழ்க்கிளை போயிருச்சு, அத நான்தான் வெட்டுனேன். புள்ள இல்ல. மத்த எடமெல்லாம் வலுவா இருக்கு. பெங்களூர்க்காரங்களுக்கு இதையே சொல்லிருங்க. ஒரு கண்ண வெச்சு வேலை செய்யலாமா வேணாமான்னு நீங்க சொல்லணும்."

அந்தப் பக்கம் மேடம் ஏதோ பேசினார். நெடுநேரம் பேசினார். அம்மா "சரிங்க மேடம்" என்று மூன்று முறை சொன்னாள். வைத்துவிட்டு, "நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்றாங்களாம்" என்றாள்.

எப்போது என்று கேட்டேன். தெரியல என்றாள். இரண்டாவது முறையாக. இந்தமுறை அது சாதாரணமான வார்த்தையாக இருந்தது.

பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். மேடம் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. அடுத்த மாதம் எந்த வீட்டிலிருந்து பள்ளிக்குப் போவேன் என்று தெரியவில்லை. நாளை அறிவியல் தேர்வு, இன்னும் படிக்கவில்லை. அம்மா சொட்டு மருந்து போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள், என் பக்கம் இடது கண் இருக்கும்படி தலையணையை மாற்றிப் போட்டிருக்கிறாள்.

எழுதியது போதும் என்கிறாள். விளக்கை அணைக்கப் போகிறேன்.